முதிய பூனைக்கு ஈர உணவா, உலர் உணவா? மதுரை வெயிலில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால், அதன் சாப்பாட்டுத் தட்டை ஒருமுறை புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும். இளம் வயதில் கடையில் வாங்கிய உலர் உணவு, நாம் ஒதுக்கிக் கொடுத்த மீன் தலை, அதுவே பிடித்துத் தின்ற பல்லி என எல்லாமே செரித்திருக்கும். வயதான உடம்பு அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. சிறுநீரகம் தளர்கிறது, பல் ஆடுகிறது, மூக்கு மங்குகிறது, குடல் மந்தமாகிறது. அந்த வயதில் தட்டில் விழுவது ஈர உணவா, உலர் உணவா என்பது பூனையின் மீதி வாழ்நாளைத் தொடுகிற கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈர உணவே நல்லது. மதுரை மாதிரி வெயில் ஊரில் அது இன்னும் பொருந்தும். ஆனால் ஈர உணவுக்குப் பழக்குகிறேன் என்று ஒரு முதிய பூனையை ஒரு நாள்கூடப் பட்டினி போடக் கூடாது. இந்த இரண்டில் எதை மறந்தாலும் கேடு பூனைக்குத்தான்.

முதலில் எடை, அடுத்து மருத்துவர்

உணவை மாற்றுவதற்கு முன் பூனையின் எடை தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எடை பார்க்கும் கருவியில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறுங்கள், இறக்கிவிட்டு ஒருமுறை ஏறுங்கள். வித்தியாசம்தான் பூனையின் எடை. சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து அதில் பூனையை உட்கார வைத்தால் கிராம் கணக்கு இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். நான்கு கிலோ பூனைக்கு இருநூறு கிராம் குறைவது என்றால், அதன் உடம்பில் இருபதில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முக்கியமாக நீண்ட முடி உள்ள பூனைகளில் முடியே மெலிவை மறைத்துவிடும்.

கையையும் பயன்படுத்துங்கள். கழுத்திலிருந்து வால் வரை முதுகை மெதுவாகத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பின் முண்டுகள் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டால், அதன் இரு பக்கமும் இருந்த தசை கரைந்திருக்கிறது. வயிறு உருண்டையாக இருந்தாலும் முதுகுத் தசை கரைந்திருக்கலாம். முதிய பூனைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

பூனை மருத்துவத்தில் ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை நடுத்தர வயது. பத்துக்கு மேல் முதுமை. பதினொரு வயதுப் பூனையை ஏறத்தாழ அறுபது வயது மனிதரோடும், பதினைந்து வயதுப் பூனையை எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதரோடும் ஒப்பிடுவார்கள். அந்த வயதில் ஒருவருக்குச் சாப்பாட்டை மாற்றச் சொல்வதற்கு முன் இரத்தம், சிறுநீர் பார்ப்போம் இல்லையா? பூனைக்கும் அதையே செய்யுங்கள். இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரியா, பாஸ்பரஸ்; அதோடு சர்க்கரை, தைராய்டு. அதோடு சிறுநீரின் அடர்த்தி. முடிந்தால் இரத்த அழுத்தம். வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள். மதுரையில் அரசு கால்நடை மருத்துவமனையும், செல்லப் பிராணிகளை மட்டும் பார்க்கும் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் திருநெல்வேலியிலும் தேனியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. பூனையைக் கொண்டுபோகும்போது இப்போது கொடுக்கும் உணவின் பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது, பச்சை நிற பாக்கெட் என்று சொல்வதால் அவருக்கு எந்த உபயோகமும் இல்லை.

எல்லாம் தண்ணீர்க் கணக்கு

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. எலியையும் பறவையையும் தின்று, அவற்றின் உடம்பில் இருந்த ஈரத்திலேயே பெரும்பகுதித் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிராணி அது. எலியின் உடம்பில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர்தான். அதனால் பூனைக்கு நாயைப்போல ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இயல்பாக வரவில்லை. உடம்பில் ஈரம் குறைந்தால் சிறுநீரை மேலும் மேலும் கெட்டியாக்கிச் சமாளித்துக்கொள்ளும். இந்தச் சமாளிப்பை ஆயுள் முழுக்கச் செய்வது சிறுநீரகம்.

வயதாகும்போது அந்தச் சிறுநீரகமே தளர்கிறது. பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் மிகப் பரவலானது. சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் போனதும் பூனை அதிகமாகச் சிறுநீர் கழிக்கும், இழந்த ஈரத்தைக் குடித்து ஈடுகட்டப் பார்க்கும், முடியாமல் போகும். இந்த இடத்தில்தான் உலர் உணவும் ஈர உணவும் பிரிகின்றன.

உலர் உணவில் ஈரம் பத்து சதவீதத்துக்குள்தான் இருக்கும். பவுச்சிலும் டின்னிலும் வரும் ஈர உணவில் அது எழுபத்தைந்திலிருந்து எண்பத்தைந்து சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றரைக் கிலோ எடையுள்ள முதிய பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 180 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 50 மில்லி என்ற பொதுக் கணக்கில் அதற்கு 175 மில்லி தண்ணீர் வேண்டும்.

முழுக்க உலர் உணவு என்றால் 180 கலோரிக்கு ஏறத்தாழ 50 கிராம் போதும். அதில் கிடைக்கும் தண்ணீர் 4 அல்லது 5 மில்லி. மீதி 170 மில்லியை அந்தப் பூனை கிண்ணத்திலிருந்து நக்கிக் குடித்தாக வேண்டும். வெயில் காலத்தில் அதற்கும் மேலே. முழுக்க ஈர உணவு என்றால், 85 கிராம் பவுச் ஒன்றில் 70 கலோரி என்ற கணக்கில் இரண்டரைப் பவுச் ஆகும். அதிலேயே 170 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடும். பாதிக்குப் பாதி என்ற முறையில், ஒரு பவுச்சும் 30 கிராம் உலர் உணவும் கொடுத்தால் எழுபது மில்லிக்குப் பக்கமாகத் தண்ணீர் உணவிலிருந்தே வருகிறது. அந்த 30 கிராமையும் ஊறவைத்துக் கொடுத்தால் இன்னும் அறுபது மில்லி சேர்ந்துகொள்ளும்.

உலர் உணவு தின்னும் பூனை அதற்கு ஏற்ப அதிகத் தண்ணீர் குடிக்காதா என்று கேட்கலாம். குடிக்கும். ஆனாலும் உணவிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் சேர்த்து உள்ளே போகும் மொத்தத் தண்ணீர், ஈர உணவு தின்னும் பூனைக்கே அதிகம்.

மலச்சிக்கலையும் இங்கேயே சொல்ல வேண்டும். முதிய பூனை மணல் தட்டில் நெடுநேரம் குந்தியிருந்து, சுண்டைக்காய் அளவில் வறண்ட துண்டுகளைப் போட்டுவிட்டு வந்தால், உடம்பு குடலிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட பூனைகளில் பலவற்றுக்கு உணவில் ஈரம் கூடியதுமே நிலைமை தேறுகிறது.

உலர் உணவைத் தள்ளிவிட வேண்டுமா?

வேண்டாம். அதற்கென்று சில நியாயங்கள் உண்டு. விலை குறைவு. வேலைக்குப் போகிறவர் காலையில் வைத்துவிட்டுப் போனால் மாலை வரை கெடாது. குறைந்த அளவில் அதிகக் கலோரி இருப்பதால், நாலு வாய் தின்றதும் நகர்ந்துவிடும் மெலிந்த பூனைக்கு எடை குறையாமல் காப்பாற்ற உதவும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதையே தின்று பழகிய பூனைக்கு அதுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் அதற்குச் சாப்பாடாகவே தெரியாது.

உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். சாதாரண உலர் உணவைப் பூனை ஒருமுறை கடித்ததும் அது உடைந்துவிடும்; பல்லின் அடிப்பகுதியைத் தொடுவதே இல்லை. பல பூனைகள் கடிக்காமலேயே விழுங்குகின்றன. பல்லுக்கென்றே தயாரிக்கப்படும் தனி வகை உணவுகள் மட்டும் இதில் விலக்கு.

பல்வலி உள்ள முதிய பூனை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பசியோடு ஓடி வரும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு துண்டைக் கடிக்கும். உடனே அந்தத் துண்டு எச்சில் ஒட்டிய அரைகுறையாகத் தரையில் விழும். பூனை ஓரடி பின்வாங்கிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்துவிட்டுப் பூனைக்கு இந்த உணவு பிடிக்கவில்லை என்று வேறு பாக்கெட் வாங்கப் போகிறோம். அதற்கு வேண்டியது வேறு பாக்கெட் இல்லை, பல்லுக்கு வைத்தியம். அதுவரை குழைவான ஈர உணவு.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் இருக்கும் மீன் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, அது முழுமையான உணவா, துணை உணவா என்பது. கடைகளில் விற்கும் ஜெல்லி மீன் டின்கள் சிலவும், குழாயிலிருந்து பிதுக்கிக் கொடுக்கும் கிரீம்களும் துணை உணவுகள்தான். ருசிக்குக் கொடுக்கலாம், அதையே மூன்று வேளையும் கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அதன் உடம்பு போதுமான அளவில் அதைத் தயாரித்துக்கொள்ளாது. டாரின் குறைந்தால் இதயத் தசை தளரும், பார்வை போகும். 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில், டாரின் பற்றாக்குறைதான் பூனைகளின் இதய வீக்கத்துக்குக் காரணம் என்று கண்டறியப்பட்ட பிறகே தீவனக் கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின. முழுமையான உணவு என்று குறிப்பிட்டிருந்தால் டாரின் சேர்க்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, புரதம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பவுச்சில் புரதம் 8 சதவீதம், உலர் உணவில் 32 சதவீதம் என்று பார்த்ததும் உலர் உணவுதான் சத்தானது என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பவுச்சில் ஈரம் 82 சதவீதம் என்றால் மீதி 18. அந்தப் பதினெட்டில் எட்டு புரதம், அதாவது 44 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10 போக மீதி 90. அதில் 32 புரதம் என்றால் ஏறத்தாழ 36 சதவீதம். முதுமையில் தசை கரைவதால் பூனைக்கு நல்ல புரதம் தேவை. வயதாகிவிட்டது, கறியைக் குறைப்போம் என்பது மனிதருக்குச் சொல்லும் யோசனை. பூனைக்கு அது பொருந்தாது. சிறுநீரக நோய் என்று மருத்துவர் உறுதி செய்தால் மட்டும் கணக்கு மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, காலாவதித் தேதி. பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் லூசாக விற்கும் உலர் உணவை முதிய பூனைக்கு வாங்காதீர்கள். எப்போது பிரித்தது, எத்தனை நாள் வெக்கையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதில் இருக்கும் கொழுப்பு சிக்குவாடை அடித்துவிடும். நம் மூக்குக்கு எட்டும் முன்பே பூனைக்கு அது தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு எந்த முறை?

பணமும் நேரமும் இருந்து, பூனையும் ஏற்றுக்கொண்டால் முழுக்க ஈர உணவு கொடுங்கள். சிறுநீரகத் தளர்ச்சி, மலச்சிக்கல், சிறுநீர்ப்பாதைக் கோளாறு, சர்க்கரை ஆகியவை உள்ள பூனைகளுக்கு இதற்காக முயற்சி செய்வது தகும்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது பாதிப் பாதி முறை. காலையும் இரவும் ஈர உணவு, இடையில் கொஞ்சம் உலர் உணவு. மேலே போட்ட கணக்கே இதற்கும் போதும்: மூன்றரைக் கிலோ பூனைக்கு ஒரு பவுச்சும் 30 கிராம் உலர் உணவும். உங்கள் பாக்கெட்டில் கலோரி வேறாக இருந்தால் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். உலர் உணவைக் கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள். கைப்பிடி ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக இரக்கப்பட்டால் பூனை குண்டாகிவிடும்.

பவுச் வாங்கவே முடியாது என்றால், இருக்கும் உலர் உணவை ஊறவையுங்கள். ஒரு பங்கு உணவுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிடம். முழுக்க ஈர உணவுக்கு அது ஈடாகாது என்றாலும், வறட்டு உணவைவிட எவ்வளவோ மேல். சில பூனைகள் கூழாகிவிட்டால் தொடாது. அவற்றுக்குத் தண்ணீரை ஊற்றிய உடனே, மொறுமொறுப்பு போவதற்குள் வையுங்கள்.

பழக்கும் முறை: அவசரம் வேண்டாம்

இளம் பூனைக்கு ஒரு வாரத்தில் உணவை மாற்றிவிடலாம். முதிய பூனைக்கு மூன்று வாரம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும். ஆகட்டும்.

ஆரம்பிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வாரத்தில், வீடு மாறும்போது, காய்ச்சலிலிருந்து எழுந்த கையோடு புது உணவைக் கொடுக்காதீர்கள். குமட்டலோடு இருக்கும் பூனைக்குப் புது உணவைக் கொடுத்தால், அந்தக் குமட்டலையும் அந்த உணவையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடாது. புது உணவில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் இதே காரணத்தால் கூடாது.

முதல் வாரத்தில் உணவையே மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருந்தால் பூனைக்குப் புதிதாக எதையும் முகர்ந்து பார்க்கத் தோன்றாது. மொத்த அளவைக் குறைக்காமல் நான்கு வேளையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம் வைத்திருந்து எடுத்துவிடுங்கள். சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டு என்பதைப் பூனை சில நாட்களிலேயே கற்றுக்கொண்டு, அந்த நேரத்துக்கு அடுப்படி வாசலில் வந்து நிற்கும்.

அடுத்து, பழைய உணவுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டில் ஒரு தேக்கரண்டி ஈர உணவு. கலக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கலந்துவிட்டால், புதியது பிடிக்காத பூனை பழையதையும் சேர்த்து ஒதுக்கிவிடும். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் போகட்டும். தட்டைக் கழுவி அடுத்த வேளை மறுபடியும் வையுங்கள்.

சூடு இங்கே பெரிய விஷயம். முதிய பூனை மணத்தை வைத்துத்தான் சாப்பிடலாமா என்று முடிவு செய்கிறது. அந்த மூக்கும் மங்கிவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பவுச்சில் மணமே இருக்காது. பாக்கெட்டை அப்படியே வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி வைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. அதுதான் பூனையின் உடம்புச் சூடான 38 டிகிரி. சாறு இளகி மீன் வாசம் எழும்பும்போது, அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பூனையின் மூக்கு நுனி ஆடத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

நக்க ஆரம்பித்த பிறகு, நான்கைந்து நாளைக்கு ஒருமுறை ஈர உணவைக் கொஞ்சம் கூட்டி, அதே கலோரிக்கு உலர் உணவைக் குறையுங்கள். கால் பங்கு, அரைப் பங்கு என்று போகட்டும். வயிறு இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி, ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பூனைக்கு, அது தின்னும் உலர் உணவையே பொடித்து ஈர உணவின் மேல் தூவலாம்.

பதமும் பூனைக்குப் பூனை மாறும். சாற்றை மட்டும் நக்கிவிட்டுக் கறித் துண்டுகளை விட்டுவிடுகிற பூனைக்கு, துண்டுகளை முள்கரண்டியால் மசித்து இரண்டு தேக்கரண்டி வெந்நீர் சேர்த்துக் குழைத்துக் கொடுங்கள். பல் இல்லாத பூனைக்குக் களிபோல் இருக்கும் பேட் வகை சுலபம்.

தட்டையும் கவனியுங்கள். ஆழமான கிண்ணத்தில் மீசை இடிக்கும். அகலமான, விளிம்பு தாழ்ந்த தட்டே வசதி. மூட்டுத் தேய்ந்த பூனைக்குக் குனிந்து சாப்பிடுவது வலி. ஒரு மணைப்பலகையின் மேல் தட்டை வைத்துவிட்டால் போதும்.

இந்தப் பழக்கம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஒரு விதி மாறாது. 24 மணி நேரம் பூனை எதையும் சாப்பிடவில்லை என்றால் முயற்சியை நிறுத்துங்கள். பழைய உணவைக் கொடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அன்றே மருத்துவர். பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்த் தேங்கும். இரண்டு மூன்று நாளிலேயே ஈரல் பழுதாகத் தொடங்கலாம். குண்டுப் பூனைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். பசித்தால் தானாகத் தின்னும் என்று சொல்பவர்கள் பூனையை அறியாதவர்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அது பூனைக்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு.

வெக்கை, மின்வெட்டு, எறும்பு

அக்னி நட்சத்திரத்தில் திறந்து வைத்த ஈர உணவு அரை மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் தின்னாததை எடுத்துக் கொட்டிவிடுங்கள். எனவே ஒரே வேளையில் முழுப் பவுச்சையும் கொட்ட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வைத்தால் போதும். மீதியை மூடி போட்ட சில்வர் டப்பாவில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போயிருந்தால் அந்த மீதியை நம்பாதீர்கள்.

எறும்பு நம் ஊரில் தீராத தொல்லை. உணவுத் தட்டைவிடப் பெரிய தாம்பாளத்தில் ஒரு விரல்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் தட்டை வையுங்கள். தட்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு கிழிப்பதோ, எறும்புப் பொடி தூவுவதோ கூடவே கூடாது. அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு மருந்துகள் நமக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாவிட்டாலும் பூனைக்கு நஞ்சு. காலில் ஒட்டியதைப் பூனை நக்கும்போது நேராக வயிற்றுக்குள் போகிறது.

ஈர உணவு கொடுத்தாலும் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், சாப்பாட்டுத் தட்டையும் மணல் தட்டையும் விட்டுத் தள்ளி வையுங்கள். மானாமதுரை மண்சட்டி ஒன்று வாங்கி வைத்தால் கோடையிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஒரே நிபந்தனை, தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும்; மண்சட்டியில் வழவழப்பு சீக்கிரம் பிடிக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் இரவே பிடித்துத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் கொடுங்கள்.

மீன், கறி, தயிர்சாதம்

மதுரையில் பூனை வளர்க்கும் வீட்டில் மீன் இல்லாமல் இருக்காது. கரிமேட்டிலோ மாட்டுத்தாவணியிலோ மீன் வாங்கும்போது பூனைக்கென்று ஒரு கூறு தனியாக வாங்குபவர்கள் உண்டு. கண்மாய் அழிந்து, அதாவது நீர் வற்றி ஊரார் மீன் பிடித்து, மீன் மலிவாகக் கிடைக்கும்போது பூனைக்கும் விருந்துதான். கொடுக்கலாம், முறையோடு.

பச்சை மீன் வேண்டாம். கெண்டை வகை உட்படச் சில மீன்களில், பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. நாள்தோறும் பச்சையாகத் தின்னும் பூனைக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். முள்ளை எடுத்துவிட்டு, உப்பு, புளி, மிளகாய் எதுவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரையும் கொட்டாமல் உணவில் சேருங்கள். டாரின் தண்ணீரில் கரையும் சத்து. கணிசமான பகுதி அந்தச் சாற்றில்தான் இருக்கும். சாளை போன்ற எண்ணெய் மீனை மட்டுமே தினமும் கொடுத்தாலும் வேறு கோளாறு வரும். உடம்புக் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே பூனை வலியில் கத்தும்.

நாம் சாப்பிட்ட மீன்குழம்பின் மிச்சத்தைப் போடாதீர்கள். காரத்தைவிட அதில் இருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும்தான் ஆபத்து. அவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கருவாடு உப்புக் குவியல். தளர்ந்த சிறுநீரகத்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் கேடு. கறிக்கடையில் வாங்கும் கோழி ஈரலை வாரம் ஒருமுறை சின்னத் துண்டாகக் கொடுக்கலாம். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும். வேகவைத்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பால் பல முதிய பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்காகிவிடும். தயிர்சாதம் வயிற்றை நிரப்புமே தவிர பூனைக்கு வேண்டிய சத்தைத் தராது.

மொத்தத்தில், வீட்டில் வேகவைத்துக் கொடுப்பது நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும்.

நோய் இருந்தால்

சிறுநீரக நோய் உறுதியானால் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். ராயல் கேனின் ரீனல், ஹில்ஸ் கே/டி போன்றவை இந்த வகை. இவை ஈர உணவாகவும் உலர் உணவாகவும் வருகின்றன. ஈர வகையைக் கேளுங்கள். பூனை உலர் வகையை மட்டுமே தின்கிறது என்றால், சாதாரண ஈர உணவைவிட அந்த உலர் சிறுநீரக உணவே பல சமயம் மேல். பாஸ்பரஸைக் குறைப்பதுதான் அங்கே முதல் வேலை. அந்த உணவை நீங்களாகவே வாங்கி நல்ல உடம்புள்ள பூனைக்குக் கொடுக்காதீர்கள். புரதம் மட்டுப்படுத்தப்பட்ட உணவு அது. தசை கரைவது கூடும்.

சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவு பெரிய உதவி. ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றினால் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நன்றாகத் தின்று, இரவெல்லாம் கத்தி, அப்படியும் இளைத்துக்கொண்டே போகும் பூனைக்குத் தைராய்டு பார்க்க வேண்டும். அதை உணவால் மட்டும் சரிசெய்ய நினைத்து மாதங்களைக் கழிக்காதீர்கள்.

மாற்றிய பிறகு கவனிக்க வேண்டியவை

மாதம் ஒருமுறை எடை போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகளைக் கவனியுங்கள். ஈர உணவுக்கு மாறியதும் கட்டிகள் கொஞ்சம் பெரிதாவதும், கிண்ணத்தில் குடிக்கும் தண்ணீர் குறைவதும் இயல்பு. உணவில் எந்த மாற்றமும் இல்லாமல் கட்டிகள் திடீரென்று பெரிதானாலோ, குடிப்பது கூடினாலோ பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஆண் பூனை மணல் தட்டுக்கு அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் இளம் பூனைகளும் இருந்தால், முதிய பூனைக்கு அறைக் கதவைச் சாத்தித் தனியாகச் சாப்பாடு வையுங்கள். இளையவை தங்கள் தட்டை முடித்துவிட்டு இதன் தட்டுக்கு வந்துவிடும். முதியது சண்டை போடாமல் விலகிவிடும். நமக்கோ தட்டு காலியாக இருப்பதுதான் தெரியும்.

பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பார்ப்பது வழக்கம். உணவை மாற்றிய பூனைக்கு முதல் பரிசோதனையை மூன்றாவது மாதத்திலேயே செய்துவிடுங்கள். பழைய அறிக்கையையும் காலண்டரில் குறித்த எடைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கொடுக்கும் அளவை அப்படியே தொடரலாமா, சிறுநீரக உணவுக்குப் போக வேண்டுமா என்பதை அவற்றை வைத்து மருத்துவர் சொல்லிவிடுவார்.